அந்தப் பெரியவரிடம் யாராவது கேட்டீர்களா?

ஓர் இளைஞர் ஒரு பெரியவரின் பையைச் சுமந்து சாலையைக் கடக்கவைத்து, அவர் கையில் பணத்தை வைக்கும் காணொளி சில நாள்களாக எல்லோர் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இங்கே இதற்குமேல் விவரிக்கப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் கீழே நான் எழுதியது ஒரே ஒரு கேள்வி: படம் பிடிக்கும் முன் அந்தப் பெரியவரிடம் யாராவது கேட்டீர்களா? அதற்கு எனக்குக் கிடைத்த பதில்களில் ‘வயிற்றெரிச்சல் பிடித்தவன்’ என்பதுதான் இருப்பதிலேயே மரியாதையானது. என்னை ஆண்டுக்கணக்கில் அறிந்த நண்பர்கள் சிலர் அந்த வசைகளுக்கு இதயக்குறி இட்டிருந்ததையும் பார்த்தேன். அன்பைப் போற்றும் காணொளிக்குக் கீழே இத்தனை வன்மம் சேர்ந்தது அவர்களில் ஒருவருக்கும் விந்தையாகப் படவில்லை.

அந்த இளைஞர் உதவியது தவறு என்று நான் எங்கும் எழுதவில்லை. பையைச் சுமந்து சாலையைக் கடக்கவைத்தார், நல்லது. கையில் பணத்தை வைத்தார், அதுவும் நல்லது. ஆனால் கேமராவைக் கண்டதும் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, அதற்குப் பிறகும் படப்பிடிப்பு தொடர்ந்ததே, அந்த இடத்தில் பரிவு முடிந்து வேறு ஏதோ தொடங்கிவிட்டது என்பதுதான் என் வாதம். எதிரில் நிற்பவரின் முகம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் செய்யப்படும் கருணை யாருக்கானது? பின்னணி இசை சேர்த்து, அவர் கண்ணீரை மட்டும் ஸ்லோமோஷனில் ஓடவிட்டவருக்கு அவர் ஒரு மனிதராகத் தெரிந்தாரா, காட்சிக்குத் தேவையான ஒரு பொருளாகத் தெரிந்தாரா?

“அவரே வருத்தப்படவில்லை, உனக்கென்ன வந்தது?” என்கிறார்கள். வருத்தப்படவில்லை என்று உங்களிடம் யார் சொன்னது? 2022இல் மெல்போர்ன் நகரில் தனியாக அமர்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் ஒரு டிக்டாக் படைப்பாளர் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்து உருகினார்கள். பிறகு அந்தப் பெண்மணி வானொலியில் பேசியபோதுதான், தம் அமைதியான நேரத்தில் ஒருவர் குறுக்கிட்டு, அனுமதியின்றிப் படமெடுத்து, தம்மை ஒரு மனிதராகவே மதிக்காமல் நடத்திவிட்டதாக அவர் உணர்ந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அவருக்காகக் கண்ணீர் விட்டவர்கள் அத்தனை பேரும் அவரைத் துணையற்ற, பரிதாபத்துக்குரிய மூதாட்டியாகத் தாங்களாகவே கற்பனை செய்துகொண்டிருந்தார்கள்.

என் தந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்த நாளில், மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மா எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். அவர் என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை, ஆறுதல் என்ற பெயரில் எதையும் உபதேசிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, “தம்பி, போய் முகம் கழுவிக்கொண்டு வாருங்கள், பெயர் சொல்லி அழைத்தால் நான் குரல் கொடுக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். என் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மற்றவர்கள் பார்ப்பதை நான் விரும்பமாட்டேன் என்பதும் தெரிந்திருந்தது. அந்த முகத்தை யாராவது படமெடுத்து, இசை சேர்த்து, ‘மனிதம் இன்னும் சாகவில்லை’ என்று தலைப்பிட்டிருந்தால், அந்த உதவியை என்னால் இன்றுவரை மன்னித்திருக்க முடியாது.

“இப்படிப் பார்த்துத்தான் நான்கு பேர் நல்லது செய்யப் பழகுவார்கள்” என்ற வாதத்தை மட்டும் கொஞ்சம் மதிக்கிறேன். பழகலாம். ஆனால் எதைப் பழகுவார்கள்? 1973இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்களை ஓர் உரை நிகழ்த்த அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சரிந்து அமர்ந்து இருமிக்கொண்டிருந்தார். நேரமிருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதோவொரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களில் ஒரு பகுதியினர் பேசப் போன பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியருக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான். கருணையைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்திருப்பதால் காலடியில் இருப்பவர் கண்ணில் பட்டுவிடுவதில்லை. என்னை வசைபாடிய கையோடு தங்கள் பக்கத்தில் ‘அன்பே கடவுள்’ என்று பதிவிட்ட அன்பர்களை வைத்து இதை நான் சொல்லவில்லை. அவர்களாக எடுத்துக்கொண்டால் தடுக்கவும் மாட்டேன்.

“பசித்தவனுக்குப் பணம்தான் முக்கியம், மானம் இல்லை” என்று ஒருவர் எழுதியதற்குப் பதில் எழுதப் போவதில்லை. அதை எழுதியவர் என்றாவது கையேந்தி நின்றிருக்க மாட்டார்.

உள்பெட்டியில் வந்து, “பேசியது போதும், நீ யாருக்கு என்ன செய்தாய் என்று காட்டு” என்று கேட்ட நண்பருக்கு: காட்ட மாட்டேன். காட்டுவதற்கு என்னிடம் படமும் இல்லை, அவர்களின் பெயர்களைச் சொல்லும் உரிமையும் இல்லை. ஆகவே நான் யாருக்கும் எதுவும் செய்யாதவன் என்றே நீங்கள் தாராளமாக முடிவுகட்டிக்கொள்ளலாம்.