கைடு சகாயம் பேச்சு பழகுகிறார்

(கன்னியாகுமரி. படகுத்துறைக்குப் போகிற சந்து. சூசை மாமா கிழிந்த வலையை மடியில் போட்டு முடிச்சு போட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய தங்கை மகன் சகாயம், கழுத்தில் அவனே அச்சடித்த அடையாள அட்டை, கையில் நாலு பக்கத் தாள்.)

சகாயம்: மாமா, பத்து மணிக்கு கோயம்புத்தூர் பஸ் வருது. அம்பது பேரு. பேச்ச ஒருக்கா கேளுங்க. "அன்பார்ந்த சுற்றுலாப் பயணிகளே! 1892 டிசம்பரில் விவேகானந்தர் வரும்வரை உலகம் அறியாத சின்னஞ்சிறு மீனவக் குப்பமாக இருந்த எங்கள் ஊர்..."

சூசை: நிறுத்துலே. உலகம் அறியாததா? முதல் நூற்றாண்டுலயே ஒரு கிரேக்கக் கப்பக்காரன் பெரிப்ளூஸ்னு ஒரு கடல்வழிப் புஸ்தகத்துல எழுதி வச்சிருக்கான். கொமரின்னு ஒரு துறை, அங்க ஆணும் பெண்ணும் நோம்பிருந்து குளிக்க வாறாங்கன்னு.

சகாயம்: அப்பமே குளிக்கத்தான் வந்தானுவளா?

சூசை: அப்பமே. சாம்பு கவரு மட்டும்தான் பெறவு வந்தது. மேல படி.

சகாயம்: "கடல் நடுவே வீற்றிருக்கும் தீவுக்கு சுவாமி அவர்கள் படகில் சென்று..."

சூசை: படகுக்குக் காசு இல்லாம நீந்திப் போனாருன்னுதான் ஊருல சொல்லுவாங்க. கரைல இருந்து அரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். அது தீவா? பாறைலே. அம்மன் பாதம் பதிஞ்ச ஸ்ரீபாதப் பாறைன்னு அதுக்கு முந்தியே பேரு.

சகாயம்: தீவுன்னா கொஞ்சம் மதிப்பா இருக்கும்னு பாத்தேன். சரி, வெட்டியாச்சு. "அங்கே எழுந்த விவேகானந்தர் மண்டபத்தைத் திறந்து வைத்த அன்றைய பிரதமர்..."

சூசை: ஜனாதிபதி வி.வி.கிரி. 1970 செப்டம்பர் 2. அலைஞ்சு திரிஞ்சு அதக் கட்டி முடிச்சது ஏக்நாத் ரானடே. ஒரு ரூவா, ஒரு ரூவான்னு நன்கொடை வாங்கிச் சேத்த காசும் அதுல உண்டு. அத எழுது. ஒரு ரூவான்னா பஸ்ஸுல வாறவன் காத நீட்டுவான்.

சகாயம்: "அன்றே எங்கள் ஊர் சுற்றுலாத் தலமானது."

சூசை: அன்றே எங்க ஆச்சு? 1948 பிப்ரவரில காந்தி சாம்பல இங்க கரைச்சதுக்கே பெருங்கூட்டம். 1956ல காந்தி மண்டபம், அதே வருஷம் நவம்பர் 1ல மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்துது. எல்லாம் சரி. ஆனா வாறவன் எதுல வருவான்? 1979ல ரயில் வந்துச்சு பாரு, அதுக்குப் பெறவுதான் ரூமு போடுற கூட்டம். என்னக் கேட்டா ஊர மாத்துனது பாறை இல்ல, தண்டவாளம்.

சகாயம்: இத யாரும் சொல்லவே இல்லியே!

சூசை: ரயிலுக்கு சிலை வைக்க மாட்டான்லா.

சகாயம்: "நாகரிகம் வளர வளர, கட்டுமரங்கள் மெல்ல மறைந்தன."

சூசை: (வலையைக் கீழே வைக்கிறார். இனி கொஞ்ச நேரம் ஆகும்.) நாகரிகமா? கட்டுமரம்னா என்னலே? தடிகள வரிசையா வச்சு கயித்தால கட்டுனது. உள்ள தண்ணி கேறி முங்காது, அதான் அதுல விசேஷம். ஆனா தடி வெள்ளம் குடிக்கும். தொழில் முடிஞ்சு வந்ததும் கரைல ஏத்தி, கட்ட அவுத்து, ஒவ்வொரு தடியையும் தனித்தனியா வெயில்ல காய வைக்கணும். காயாத தடியோட மறுநாள் போனா, துடுப்பு போடுறவன் தோளு கழண்டுரும். அம்புட்டு கனம். காய வைக்க என்ன வேணும்?

சகாயம்: வெயில்.

சூசை: எடம்லே! கரைல எடம் வேணும். அந்த எடத்துல இப்பம் என்ன இருக்கு?

சகாயம்: சங்கு மாலைக் கடை, கூலிங் கிளாஸ் கடை, பஜ்ஜிக் கடை... அதுல ஒண்ணு நம்ம சித்தப்பாக்க கடை.

சூசை: அத ஏன் கேக்க. கரைமடி தெரியுமா? வலைக்க ஒரு கயித்துநுனி கரைல நிக்கும். வள்ளம் அரைவட்டமா சுத்தி மறுநுனியக் கொண்டு வரும். பெறவு ரெண்டு பக்கமும் ஆளு நிண்ணு ஒரே சீரா இழுக்கணும். ஒரு பக்கம் முந்துனா மடி சாஞ்சு மீனு வெளிய போயிரும். நடுவுல கல்லும் இருக்கப்பிடாது, குளிக்கிற ஆளும் இருக்கப்பிடாது. இண்ணைக்கு இங்க மடி போட்டா நெத்திலியும் சாளையுமா வரும்?

சகாயம்: கோயம்புத்தூர்காரன்தான் வருவான்.

சூசை: அதான். ஃபைபர் வள்ளத்துக்குக் காய வைக்கிற வேல இல்ல, எஞ்சின மாட்டுனா போயிட்டே இருக்கும். பெரிய போட்டெல்லாம் சின்னமுட்டம் துறைமுகத்துக்குப் போயாச்சு. இத எழுது.

சகாயம்: இவ்ளோத்தையும் சொன்னா வெயில்ல நிக்க மாட்டானுவ மாமா. அடுத்தது பிரச்சின இல்லாதது. "133 அடி உயரமுள்ள வள்ளுவர்..."

சூசை: வள்ளுவரு 95 அடி. பீடம் 38. அறத்துப்பால் 38 அதிகாரம், அது பீடம். பொருள் 70, இன்பம் 25, ரெண்டும் சேந்தது சிலை. கணபதி ஸ்தபதி கணக்குப் போட்டு வச்சது. 2000 ஜனவரி 1 திறப்பு.

சகாயம்: கூட்டுனா 133தான?

சூசை: ஒனக்குப் பொண்ணு பாக்கப் போனா, ஸ்டூலு மேல ஏறி நிண்ணு அதையும் சேத்தா உயரம் சொல்லுவ?

சகாயம்: (தாளில் அந்த வரியை அடித்துவிடுகிறான்.) கண்ணாடிப் பாலத்துல கை வச்சுராதிய. "2024 டிசம்பர் 30இல் திறக்கப்பட்ட, 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட பாலம்."

சூசை: சரிதான். 37 கோடி ரூவா. ரெண்டு பாறைக்கும் நடுவுல எதுக்குக் கட்டுனான்?

சகாயம்: செல்ஃபி எடுக்க.

சூசை: வள்ளுவர் பாறையச் சுத்தி அடில முழுக்க கல்லு. வெள்ளம் வத்துனா போட்டுக்க அடி தட்டும். அலை கூடுனா துறைல அணைக்க ஒக்காது, கயிறு போட்டாலும் போட்டு பாறைல இடிக்கும். அதனால மொதப் பாறை, விவேகானந்தர் பாறையோட திரும்பி வந்தவன்தான் அதிகம். இப்பம் நடந்து போயிருவான். ஆனா கரைல இருந்து மொதப் பாறைக்கு இன்னும் போட்டுதான். அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி கடல் ஏறுறதும் வத்துறதும் கூடும். நம்ம ஊருல அந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்ளதான். கல்லு கெடக்க துறைக்கு அது போதும், டிக்கெட் கவுண்டர அடைக்க.

சகாயம்: மே மாசம் மீன் ஏன் இம்புட்டு வெலன்னு கேட்டா?

சூசை: விசைப்படகுக்குத் தடை. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1ல இருந்து ஜூலை 31. ஒரே மாவட்டம், ரெண்டு தடை.

சகாயம்: அப்ப ஜூன் 1ல இருந்து 14 வரைக்கும்?

சூசை: ரெண்டு பக்கமும் பூட்டு. மீனுக்கு அதான் சீசன். நாட்டுப்படகு மட்டும் போவும்.

சகாயம்: கடைசி ரெண்டு வரி. "சூரியன் ஆண்டு முழுவதும் கடலில் உதித்து, கடலிலேயே மறைவதும்..."

சூசை: மறையிறது ஐப்பசில இருந்து மாசி வரைக்குந்தான். ஆனி மாசம் சூரியன் வடக்க ஒதுங்கிரும், கரைக்குப் பின்னாலதான் விழும். ஆனில வந்து கடலப் பாத்து நிக்கவன், இருட்டுன பெறவு ஒன்னத்தான் தேடுவான்.

சகாயம்: "...மூன்று கடல்களும் மூன்று நிறங்களில் சங்கமிப்பதும்..."

சூசை: கடலுக்குள்ள வேலி போட்டா வச்சிருக்கு? ஆழமும் மேகமும் அடில உள்ள மணலும் மாறுனா நெறம் மாறும். கடல்ல போறவன் பாக்கது நீவாடு, அதான் நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுது, காத்து எங்க இருந்து வருதுன்னு. நெறத்தப் பாத்து எவனும் வலை விட மாட்டான்.

சகாயம்: (தாளைப் பார்க்கிறான்.) மாமா, நாலு பக்கத்துல மிச்சம் "அன்பார்ந்த சுற்றுலாப் பயணிகளே", ஒரு பாலம். ரெண்டே நிமிசம்.

சூசை: போதுமே. பேசிட்டு போட்டுல ஏத்தி விடு.

(சகாயத்தின் போன் அடிக்கிறது. கேட்கிறான், முகம் மாறுகிறது.)

சகாயம்: டிக்கெட் கவுண்டர்ல நிக்க பையன். வெள்ளம் வத்திக் கெடக்காம். ரெண்டு மணி நேரத்துக்குப் போட்டு கிடையாதாம்.

சூசை: நேத்து அமாவாசைலா.

சகாயம்: அம்பது பேரையும் வச்சு ரெண்டு மணி நேரம் ஓட்டணும்! மாமா, அடிச்சதுல எதையாவது திருப்பித் தாங்க.

சூசை: (யோசித்து) மூணு நெறத்த எடுத்துக்க. தீவு கூட வச்சுக்க. 133ல மட்டும் கை வைக்காத.