90 சதவீதம் உனக்கு, ஆனால் எதில்?

இந்த வாரம் முழுக்க நம் டிரேடிங் குழுவில் ஓடிய பேஅவுட் சண்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு தம்பி சம்பாதித்த லாபத்தில் அவன் பங்கை (அதுதான் பேஅவுட்) ஒரு விதியைக் காட்டித் தர மறுத்துவிட்டது ஒரு பிராப் ஃபர்ம். பிராப் ஃபர்ம் என்றால், நமக்கு டிரேட் செய்யக் கணக்குக் கொடுத்து லாபத்தில் பங்கு தரும் நிறுவனம். அந்தத் தம்பியின் ஸ்கிரீன்ஷாட்டை நானும் ஒருமுறை இங்கே போடப்போவதில்லை. அவன் பட்டது போதும். ஆனால் அதற்குக் கீழே நம் யூடியூப் அண்ணன் ஒரு கமெண்ட் போட்டார் பாருங்கள், "ரூல்ஸ் படிக்கத் தெரியாதவனுக்கு டிரேடிங் எதுக்கு?" என்று. பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வேறு. அதற்கு நான் எழுதிய பதிலை அண்ணன் அழித்துவிட்டார். சரி, என் பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறேன்.

நான் அவரைத் திட்டவில்லை. கேட்டது ஒரே கேள்வி. இந்த நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

பிராப் ஃபர்ம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது லாபத்தில் எத்தனை பங்கு என்பதைத்தான். 80 தருகிறானா, 90 தருகிறானா? அண்ணனின் வீடியோக்களிலும் அதுதான் பெரிய எழுத்தில் வருகிறது. ஆனால் 'சேலஞ்ச்' என்ற தேர்வுக்குக் கட்டணம் வாங்கிக் கணக்குக் கொடுக்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை தருவது டெமோ கணக்கு, அதாவது நிஜப் பணம் இல்லாத பயிற்சிக் கணக்கு. சேலஞ்சில் தேறி 'ஃபண்டட்' ஆன பிறகும் பல இடங்களில் டெமோதான். ஒப்பந்தத்தில் 'சிமுலேட்டட்' என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆர்டர் மார்க்கெட்டுக்கே போகவில்லை என்றால் அங்கே லாபம் என்று ஒன்று உருவாகவே இல்லை. அப்புறம் உங்களுக்குத் தரும் 90 சதவீதம் யார் பணம்? சேலஞ்சில் தோற்றவர்கள் கட்டிய கட்டணம். ஜெயிக்கிறவர்களின் டிரேடை நிஜ மார்க்கெட்டில் காப்பி செய்து சம்பாதிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. எது எந்த ரகம் என்று விசாரித்தீர்களா என்பதுதான் என் கேள்வி. மாணவன் ஃபெயிலானால்தான் வாத்தியாருக்குச் சம்பளம் என்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தால், கேள்வித்தாள் எப்படி இருக்கும்?

தம்பியின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்சிஸ்டன்சி ரூல். ஒரே நாளில் வந்த லாபம் மொத்த லாபத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மொத்த லாபம் 6,000 டாலர், அதில் ஒரே நாளில் 2,700 வந்துவிட்டது என்று வையுங்கள். அது 45 சதவீதம். பேஅவுட் கிடையாது. 2,700 என்பது 30 சதவீதமாக வேண்டுமென்றால் மொத்த லாபம் 9,000 ஆக வேண்டும். அதாவது, நன்றாக டிரேட் செய்த குற்றத்துக்காக இன்னும் 3,000 சம்பாதித்துக் காட்ட வேண்டும், அதுவும் நடுவில் டிராடவுனை, அதாவது அனுமதித்த நஷ்ட எல்லையை, தொடாமல். ரூல் எழுதியிருக்கிறது, உண்மை. யாருக்காக எழுதியிருக்கிறது?

டிரெய்லிங் டிராடவுன் இன்னொரு அழகு. லாபம் ஏற ஏற நஷ்ட எல்லையும் கூடவே மேலே ஏறும். என் மச்சானின் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால் சொல்கிறேன். 50,000 டாலர் கணக்கு, 2,500 டிராடவுன். 47,500-க்குக் கீழே போனால் கணக்கு காலி என்றுதான் அவன் நினைத்திருந்தான். டிரேட் எடுத்தான், 1,800 லாபத்தில் ஓடியது. மூடவில்லை, வெறும் மிதக்கும் லாபம். விலை திரும்பியது, எடுத்த இடத்திலேயே வெளியே வந்துவிட்டான். நஷ்டம் பூஜ்யம். ஆனால் திரையில் சிவப்புக் கோடு 49,300-ல் நிற்கிறது. கையில் வராத 1,800-ஐக் கணக்கில் வைத்து எல்லை மேலே ஏறிவிட்டது. ஒரு டாலர்கூட இழக்காத மனிதனுக்கு மிச்சம் 700 டாலர் மூச்சு. அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, விடுங்கள்.

"அப்படியென்றால் புரோக்கரிடமே போக வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். போங்கள். அங்கேயும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போங்கள். பங்குச்சந்தை புரோக்கருக்குக் கமிஷன் வருமானம், சிலருக்கு ஆர்டரை வேறு நிறுவனத்துக்கு அனுப்பி வாங்கும் காசு. ஃபாரெக்ஸ் (நாணய டிரேடிங்), சிஎஃப்டி (பொருளை வாங்காமல் அதன் விலை மாற்றத்தின் மேல் மட்டும் போடும் ஒப்பந்தம்) புரோக்கர்களில் பலர் உங்கள் டிரேடுக்கு எதிர்ப்பக்கம் அவர்களே நிற்கிறார்கள். இதற்குப் பெயர் பி-புக். இது ரகசியமும் இல்லை, பல நாடுகளில் சட்டவிரோதமும் இல்லை. 2018-ல் ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்மா, சிஎஃப்டியில் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டமடைகின்றன என்று சொல்லித்தான் லீவரேஜை (கையில் இருப்பதைவிடப் பல மடங்குக்கு டிரேட் செய்ய விடுவதை) குறைத்தது, போனஸ் ஆசை காட்டுவதைத் தடை செய்தது.

அந்த போனஸ் கதை எனக்கும் தெரியும். ஒரு புரோக்கர், பெயர் வேண்டாம். பணம் போட்டபோது கார்டு நம்பர் போதுமாக இருந்தது, நிமிடத்தில் கணக்கில் ஏறிவிட்டது. எடுக்கப்போனபோதுதான் நான் யார் என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்தது. அடையாள அட்டையோடு செல்ஃபி. அனுப்பினால் வெளிச்சம் போதாதாம். முகவரிச் சான்று, அது பழசாம். நடுவில் 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்' தேனாகப் பேசினார், "இப்ப எடுக்காதீங்க சார், போனஸ் போட்டுத் தர்றேன்" என்று. நல்லவேளை, அந்த போனஸின் நிபந்தனையைப் படித்தேன். இத்தனை லாட் (டிரேடின் அளவு) டிரேட் செய்து முடிக்கும்வரை பணத்தை வெளியே எடுக்க முடியாது. பணம் கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு எந்தக் கணக்கு திறந்தாலும் சின்னத் தொகை போட்டு, உடனே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேசுவது. டிரேடே செய்யாமல் எடுப்பேன். அண்ணனின் எந்த வீடியோவிலாவது இது வந்திருக்கிறதா? வராது. லிங்க் வழியாகப் போகிறவர்களால் அவருக்குக் கமிஷன். வேலிக்கு ஓணான் சாட்சி.

இனி வழக்கமான கேள்விகள் வரும். "லைசென்ஸ் உள்ள புரோக்கர் பாதுகாப்புதானே?" லைசென்ஸ் இல்லாதவனைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் 2011 அக்டோபரில் எம்எஃப் குளோபல் என்ற அமெரிக்க புரோக்கர் திவாலானபோது வாடிக்கையாளர் பணத்தில் சுமார் 1.6 பில்லியன் டாலர் குறைந்தது. அடுத்த ஆண்டே பிஎஃப்ஜிபெஸ்ட் என்ற இன்னொரு புரோக்கரின் நிறுவனர் பல வருடங்களாகப் போலி வங்கி அறிக்கை தயாரித்து வந்தது வெளியே வந்தது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் பிராங்க் எகிறியதில் அல்பாரி யுகே என்ற புரோக்கர் ஒரே அடியில் சரிந்தது. மூன்றுமே லைசென்ஸோடு கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் இருந்தவைதான்.

"மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டதே, தெரியாதா?" தெரியும். அந்த பிராப் ஃபர்ம் மேல் 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெரிவேட்டிவ் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான சிஎஃப்டிசி வழக்குப் போட்டது, 2025 மே மாதம் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆணையம் வழக்கை நடத்திய விதத்துக்கு நீதிமன்றம் கொடுத்த தண்டனை அது. நிறுவனத்தைக் குற்றவாளி என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த வழக்கால் ஒரே நாளில் எல்லாம் முடங்கியபோது பேஅவுட்டுக்குக் காத்திருந்தவன் எந்த வரிசையில் நின்றான்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு என்னைக் கிண்டல் செய்யுங்கள். பழைய பாணி பிராப் ஃபர்மிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே உங்கள் பணத்தையும் போட்டு நிறுவனப் பணத்தோடு நிஜ மார்க்கெட்டில் டிரேட் செய்யலாம், வருமானம் எங்கிருந்து என்பதும் தெளிவு. ஆனால் நீங்கள் போட்டது முதலீட்டுப் பங்காகக் கணக்கில் ஏறும், வாடிக்கையாளர் பணமாக அல்ல. நிறுவனம் விழுந்தால் வாடிக்கையாளருக்கான பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது.

"கையில் காசில்லாதவனுக்கு வேறு வழி என்ன?" இது நியாயமான கேள்வி. எனக்குப் பதில் இல்லை. குறைந்த கட்டணத்தில் ஒழுக்கம் பழகிக்கொள்கிறேன் என்று தெரிந்தே போகிறவனை நான் தடுக்கவில்லை.

"உனக்குப் பொறாமை." இதைத்தான் அண்ணனின் பக்தர்கள் எழுதினார்கள். 'லாஸ் பார்ட்டி' என்றும் எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர், புரோக்கரிடம் பணம் மாட்டியபோது ராத்திரி எனக்குப் போன் செய்தவர். அவருக்குப் புகார் கடிதம் எழுதிக் கொடுத்ததே நான்தான். இன்றைக்கு அண்ணனின் கமெண்டுக்குச் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார். போடட்டும். மார்க்கெட்டில் பணம் போவதைத் தாங்கிக்கொள்கிறவர்கள் நாம். ஆனால் இது வலிக்காமல் இல்லை.

இன்பாக்ஸில் "அப்ப எந்த கம்பெனிதான் நல்லது, சொல்லுங்க ப்ரோ" என்று கேட்கிறவர்களுக்கு: சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தை எடுத்து, உங்கள் பணம் எந்தக் கணக்கில் இருக்கும், ஆர்டர் எங்கே போகும், விதியை இஷ்டத்துக்கு மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டா என்று தேடுங்கள். புரியாத வரியை அப்படியே அவர்களுடைய சப்போர்ட்டுக்கு அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். சாட்டில் சொன்னது செல்லாது.

தம்பியும் நானும் உட்கார்ந்து அந்த நிறுவனத்துக்கு மெயில் போட்டிருக்கிறோம். அந்த 30 சதவீத விதி அவன் கணக்கு வாங்கிய அன்று ஒப்பந்தத்தில் இருந்ததா, எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறோம். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன். அண்ணன் கமெண்ட் போட விரும்பினால் போடலாம், நான் அழிக்க மாட்டேன். கூப்பன் கோடு மட்டும் வேண்டாம்.