வயிற்றுக்குள் ரேஸ் குதிரை

(மும்பை மாட்டுங்கா. ரயில் பாதையை ஒட்டிய மூன்றாவது மாடி வீடு. ஏழு மாதக் கர்ப்பிணி மீனா கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவும் நிமிடத்துக்கு எத்தனை என்று காட்டவும் உதவும் டாப்ளர் கருவியை நண்பரிடம் இரவல் வாங்கி வந்திருக்கும் கணவன் சரவணன்.)

மீனா: இவ்வளவு ஜெல்லா? தோசைக்கல்லுக்குக்கூட நீங்கள் இப்படித் தடவியதில்லை.

சரவணன்: இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாதாம். உஷ்... கேட்டுவிட்டது! தடக் தடக் தடக்!

மீனா: அது கல்யாண் லோக்கல். ஜன்னலைச் சாத்துங்கள்.

சரவணன்: (சாத்திவிட்டு) இப்போது சரி. ஐயோ, 84 காட்டுகிறதே! 110க்கும் 160க்கும் நடுவில் இருக்க வேண்டாமா? டாக்ஸி கூப்பிடட்டுமா?

மீனா: முதலில் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுங்கள்.

சரவணன்: (ஒரு நிமிடம் கழித்து, சுருதி இறங்கி) 84.

மீனா: நீங்கள் கேட்டது என் நாடி. உங்கள் பிள்ளை இன்னும் வாயே திறக்கவில்லை.

சரவணன்: இதோ திறந்துவிட்டது! கொடகொட என்று ஏதோ சொல்கிறது.

மீனா: சாயங்காலம் தின்ற வடாபாவ் சொல்கிறது. இன்னும் கீழே வையுங்கள்.

சரவணன்: டபடபடபடப! 148! மகாலட்சுமி ரேஸ்கோர்ஸ் குதிரை தோற்றது, மீனா!

மீனா: (மெல்ல) இதுதான். ஆஸ்பத்திரியில் கேட்டது இதே ஓட்டம்தான்.

சரவணன்: 140க்கு மேல் போனால் பெண் குழந்தை என்று அம்மா சொன்னார்.

மீனா: போன மாதம் 136. அப்போது பையனா? மாதத்துக்கு ஒரு பிள்ளையா பெறப் போகிறேன்?

சரவணன்: எதுவாகவும் இருக்கட்டும். இனி தினமும் நானே கேட்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம்.

மீனா: என் நாடியைப் பிள்ளை என்றவர் நீங்கள்! உள்ளே கோளாறு என்றாலும் அதையே கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள். டாக்டர் கவனிக்கச் சொன்னது அசைவை. அது குறைந்தால் இந்தப் பெட்டியைத் தேடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரவணன்: அப்படியென்றால் எனக்கு என்னதான் வேலை?

மீனா: பேசுங்கள். இப்போது அதற்குக் காது கேட்கும்.

சரவணன்: (வயிற்றருகே குனிந்து) கண்ணு... அப்பா பேசுகிறேன். வீட்டுக்காரர் அடுத்த மாதம் வாடகையில் 2,000 ரூபாய் ஏற்றப் போகிறாராம்... ஆ! உதைக்கிறது!

மீனா: உதைக்காதா? ஏழு மாதமாக வாடகை தராமல் குடியிருக்கிற இடத்தில் போய் அந்தப் பேச்சை எடுத்தால்!