எல்.எல்.ஆர். மாநில எல்லையோடு முடிவதில்லை

பெங்களூரில் எடுத்த எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) தமிழ்நாட்டில் செல்லாது, பாம்பன் பாலத்தில் நிறுத்தினால் லைசென்ஸ் இல்லாத கேஸ்தான் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அக்கறையில்தான் சொல்லியிருப்பார், ஆனால் சட்டம் அப்படி இல்லைங்க. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, பழகுநர் உரிமமும் ஓட்டுநர் உரிமமும் இந்தியா முழுவதும் செல்லும். பெருநாளுக்குக் கீழக்கரை வரும் பிள்ளைகள் இங்கேயும் கார் ஓட்டிப் பழகலாம்.

நிபந்தனைகள் மட்டும் எல்லா மாநிலத்திலும் அதேதான். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதியைப் பாருங்கள்: ஓட்டுநர் உரிமம் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' வேண்டும். தனுஷ்கோடி ரோடு காலியாகக் கிடக்கிறதே என்று தனியாக ஓட்டினால் அது தவறுதான், எந்த ஊர் எல்.எல்.ஆர். ஆக இருந்தாலும்.

என் பேச்சை நம்ப வேண்டாம். மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் சட்டத்தின் பெயரைத் தேடி, 13-வது பிரிவைத் திறந்தால் போதும். ஒரே வாக்கியம்தான். அப்படியே எல்.எல்.ஆரில் உள்ள கடைசித் தேதியையும் பார்த்துவிடுங்கள், 6 மாதம்தான் செல்லும்.