சுவரோடு சேர்த்து வாங்கும் வெயில்

ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் வாஸ்து கேட்கிறார்கள், யூடிஎஸ் (நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) கேட்கிறார்கள், கார் நிறுத்த இடம் கேட்கிறார்கள். மேற்குச் சுவரை எதைக் கொண்டு கட்டினீர்கள் என்று கேட்பவர் அரிது. அந்த வீட்டில் இருக்கும் காலம் முழுக்க நாம் கட்டப்போகும் மின்கட்டணத்தில் ஒரு நல்ல பகுதியைத் தீர்மானிப்பது அந்தச் சுவரும் மொட்டைமாடித் தளமும்தான்.

சென்ற சித்திரையில், தாம்பரம் பக்கம் உறவினர் ஒருவர் புதிதாகக் குடியேறிய வீட்டுக்குப் போயிருந்தேன். கடைசி மாடி. இரவு பத்து மணிக்கு வெளியே நல்ல காற்று. உள்ளே படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. அலுமினிய அச்சில் முழுக்கக் கான்கிரீட்டாக வார்த்த சுவர் அது. வேலை சீக்கிரம் முடியும், பூச்சுச் செலவும் மிச்சம். ஆனால் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் அறைக்குள்ளும் விடும். ஏஏசி எனப்படும், உள்ளே காற்றுத் துளைகள் கொண்ட இலேசான கல்லில் கட்டிய சுவர் என்றால் இவ்வளவு வெப்பத்தை உள்ளே கடத்தாது. அந்த வீட்டில் விடிய விடிய ஏசி ஓடுகிறது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எப்படி எகிறும் என்று உங்களுக்கே தெரியும். கட்டியவர் அந்தக் கட்டணத்தில் ஒரு பைசாவும் கட்டப்போவதில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2018 டிசம்பரில் ஒன்றிய மின்துறை ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதிகளை வெளியிட்டது. அதன்படி, சுவரும் ஜன்னலும் உள்ளே விடும் வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. மேல்தளம் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதைச் சொல்லும் யு-மதிப்பு 1.2-க்குள் இருக்க வேண்டும். வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது மூன்றுக்கும் மேல். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டை ஓடு பதித்த பழைய வீடுகளில் மதியம் படுத்துத் தூங்க முடிந்ததன் காரணம், அந்த அடுக்கு வெப்பத்தைக் குறைத்ததுதான்.

ஜன்னல் கணக்கு இன்னும் அருமை. சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில், திறக்கக்கூடிய பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 900 சதுர அடி வீட்டுக்கு 150 சதுர அடி. இப்போது எங்கும் வைக்கும் இரட்டைக் கதவு ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். ஆகவே கணக்கிலும் பாதிதான். வெளிப்புறம் திறக்கும் பழைய பாணி ஜன்னலுக்கு 90 சதவீதம்.

பசுமைக் கட்டடச் சான்றிதழ் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இதையெல்லாம் வாங்குபவர் டேப் வைத்து அளந்துகொண்டிருக்க முடியாது. ஐஜிபிசி, கிரிகா, எட்ஜ் என்று நம் நாட்டில் சான்று தரும் அமைப்புகள் இருக்கின்றன. எட்ஜ் சான்று பெற, வழக்கமான கட்டடத்தைவிட எரிசக்தி, தண்ணீர், கட்டுமானப் பொருள்கள் என்ற மூன்று கணக்கிலும் குறைந்தது 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் முன்சான்று. வரைபடத்தைப் பார்த்துக் கொடுப்பது அது. கட்டி முடித்தபின் தரும் இறுதிச் சான்றைக் கேளுங்கள். தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். விளம்பரத்தில் சொன்னது பொய்யானால் இழப்பீடு கேட்க வீட்டுமனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு வழி தருகிறது.

விலை கூடுமே என்பார்கள். கூடலாம். ஆனால் மே மாதத்தில் கரண்ட் போன இரவில், வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் அந்தப் பணத்தின் அருமை தெரியும். ஏசி வாங்க வசதியில்லாதவருக்குச் சுவர்தான் ஒரே பாதுகாப்பு. அரசு கட்டித்தரும் குடியிருப்புகளுக்குத்தான் இந்த விதிகள் முதலில் வேண்டும்.

2022-இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம் குடியிருப்புகளையும் விதிக்குள் கொண்டுவந்தது. ஆனால் கட்டடத்தின் மொத்த மின் இணைப்புச் சுமை குறைந்தது 100 கிலோவாட் இருக்க வேண்டும் என்பது வரம்பு. புறநகரில் தெருவுக்குத் தெரு எழும் எட்டு வீடு, பத்து வீடு அடுக்ககங்களில் பெரும்பாலானவை இதற்குள் வராது. வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. தமிழக அரசு அதைக் குறைக்க வேண்டும். பணி நிறைவுச் சான்று தரும்போதே சுவரையும் தளத்தையும் ஜன்னலையும் சரிபார்க்க வேண்டும்.