சல்லடை என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்ததை இதற்குள் எல்லாரும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். "நம் தோட்டத்துக் கிணற்றில் கலந்த பட்டறை நஞ்சு மேலும் பரவாமல் இருக்க, மண்ணுக்கடியில் இரும்புத் துருவல் சுவர் கட்டுவீர்களா?" என்று நான் கேட்டதும், "தண்ணீர் ஊடுருவிப் போகும் சுவரா? அது சுவரா, சல்லடையா?" என்று மேடையில் இருந்தவர் சிரித்தார். முன்வரிசை கைதட்டியது. கைதட்டியவர்களில் பாதிப் பேர் நம் தோட்டத்துப் பிள்ளைகள். அது போகட்டும்.

தண்ணீரை மறிக்க அந்தச் சுவரை யாரும் கேட்கவில்லை ஐயா. தண்ணீர் போகட்டும், நஞ்சு நிற்கட்டும், ஏற்பாடே அதுதான். நிலத்தடி நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே நீளமாகப் பள்ளம் தோண்டி இரும்புத் துருவலை நிரப்புவார்கள். சுற்றியுள்ள மண்ணைவிட அதில் நீர் எளிதாகப் புக வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டு போய்விடும். நீரில் கரைந்து வரும் நச்சுக் குரோமியத்தை இரும்பு வேறு வடிவத்துக்கு மாற்ற, அது கரையாமல் அங்கேயே படிந்துவிடுகிறது. பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

அமெரிக்காவில், வட கரோலினாவின் எலிசபெத் சிட்டி கடலோரக் காவல் படைத் தளத்தில் 1996இல் இதைச் செய்துவிட்டார்கள். 46 மீட்டர் நீளம், 7 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம், அகலமோ 60 சென்டிமீட்டர்தான். அங்கே கசிந்ததும் முலாம் பூசும் பட்டறைக் குரோமியமே. நம் செம்பனைத் தோப்புக்குப் பின்னால் இருந்த பட்டறையில் என்ன செய்தார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"கிணற்றை மூடியாகிவிட்டது, குழாய் நீர் வருகிறது, இன்னும் என்ன?" என்பீர்கள். மேலே மூடினால் கீழே ஓடுவது நின்றுவிடுமா? பக்கத்துக் கிராமமான கம்பத்துக்கும் போகும், ஆற்றுக்கும் போகும்.

இரும்பு நாளடைவில் அடைத்துக்கொள்ளும் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உண்மைதான், கனிமங்கள் படியும். அதற்காகத்தான் முன்னும் பின்னும் கண்காணிப்புக் கிணறு போட்டுச் சோதிக்கிறார்கள். அடைத்துக்கொள்ளும் என்று வீட்டில் சாக்கடை கட்டாமல் இருக்கிறோமா? செலவு யாருடையது என்றால், கெடுத்தவனுடையது. அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் கிடையாது.

"நீர் என்ன விஞ்ஞானியா?" இல்லை. கித்தாப் பால், அதாவது ரப்பர் பால், உறைய அமிலம் கலந்தவன். அம்மா வெளிக்காட்டிலிருந்து வந்ததும் அந்தக் கிணற்றடியில்தான் பால்வாளி கழுவுவார். பட்டறை வந்த பிறகு, வெள்ளை மங்குக் கிண்ணத்தில் மொண்டால் தண்ணீர் இலேசாக மஞ்சள் தட்டியது. தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் காட்டினேன், "செம்மண்" என்றார். செம்மண்ணாக இருந்தால் அடியில் தங்க வேண்டாமா? இரவு முழுக்க அசையாமல் வைத்தேன். அடியில் ஒரு பொட்டு மண் இல்லை, மஞ்சள் மட்டும் அப்படியே இருந்தது.

தோட்டத்தை விற்றார்கள், நாம் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள், கோயிலைப் பெயர்த்து நெடுஞ்சாலை ஓரத்தில் வைத்தார்கள். எதற்கும் நம்மைக் கேட்டதில்லை. இப்போது நாமாகக் கேட்டால் சிரிப்பு. சிரிக்கிறவருக்கு மாலை வேறு, அதுவும் நம் கையாலேயே!

சுவர்கூடப் பிறகு கட்டுங்கள். முதலில் நாலு துளை போட்டு, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அதில் குரோமியம் எவ்வளவு என்று அளந்து அறிக்கையை மண்டபத்தில் ஒட்டுங்கள். தமிழிலும் ஒட்டுங்கள். இந்த மண்ணுக்கு அந்த முறை ஒத்துவராது என்று மண்ணைச் சோதித்தவர் சொன்னால் வாயை மூடிக்கொள்கிறேன். மேடையில் சிரித்தவர் சொன்னால் மாட்டேன்.