சித்தப்பாவின் இஞ்ச் டேப்

போன ஆகஸ்ட் 15க்கு எங்கள் ஊர்ப் பள்ளியில் சித்தப்பாவைக் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். சால்வை போட்டார்கள், பிள்ளைகள் சல்யூட் அடித்தார்கள், எல்லாம் சரி. மேடைக்கு நாலு படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கித்தான் ஏற்றினார்கள். அப்போது அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கால் எப்படிப் போனது என்று கேட்பவர்கள் எல்லோரும் "கார்கிலா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இல்லை. நாடாளுமன்றத் தாக்குதலுக்கு அப்புறம் எல்லை நெடுகப் படையைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, ஆபரேஷன் பராக்ரம், அப்போது சித்தப்பா ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார். 2002, ராஜஸ்தான் எல்லை. போரே நடக்கவில்லை, ஆனால் கண்ணிவெடி புதைக்கிற வேலையிலேயே நிறையப் பேர் செத்தார்கள். இவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. போர் நடக்காததால் அவர்களை யாரும் நினைப்பதே இல்லை, அதில் எனக்குப் பெரிய வருத்தம்.

புனேயில் 1944லிருந்து ராணுவத்துக்கென்றே செயற்கைக் கால் மையம் இருக்கிறது. அங்கே மாதக்கணக்கில் இருந்து நடக்கப் பழகினார், ஆனால் பழகியது சமதரையில். இங்கே வரப்பும் சேறும். முதல் குறுவை நடவில் கால் சேற்றில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் வந்து விழுந்ததாம். ராத்திரியில் இல்லாத பாதம் எரியும், இல்லாத கட்டைவிரலைச் சொறியக் கை போகும். இன்றைக்கும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து காலைக் கழற்றி உறையை உருவினால் வேர்வை சொட்டும், சிவந்துபோன தோலைத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுப்பார், தேய்க்க மாட்டார்.

அவரை மறுபடி மனுஷனாக்கியது பையன்கள்தான் என்று சித்தி சொல்லுவார். ராணுவ ஆளெடுப்புக்குப் போகணும், கணக்கு வரவில்லை என்று ஒருத்தன் வந்தான், அடுத்த மாதம் ஆறு பேர். இப்போது விடிகாலையில் காவிரிக் கரையில் 1,600 மீட்டர் ஓட்டம், ஏழு மணிக்குத் திண்ணையில் கணக்கு. பைசா வாங்குவதில்லை.

அந்தத் திண்ணைக்குச் சக்கர நாற்காலியில் ஒரு பெண்ணும் படிக்க வந்தாள். ஒரு சான்றிதழுக்காக அலுவலக வாசலிலேயே அவள் அரைநாள் காத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் சித்தப்பா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை வரிவரியாகப் படித்தார். விதிகள் வந்து ஐந்து வருடத்துக்குள் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன், அப்படியென்றால் 2022லேயே கெடு முடிந்துவிட்டது. மனு மேல் மனு போட்டு, கடைசியில் அந்த அலுவலகத்தில் சரிவுப் பாதை போட்டார்கள்.

இஞ்ச் டேப்போடு போனார். வாசல் உயரம் இரண்டடி, பாதை நீளம் எட்டடி. ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், ஆக இருபத்துநாலு அடி இருந்திருக்க வேண்டும். "இதில் ஏற்றினால் நாற்காலி பின்னால் சாயும், நீங்களே உட்கார்ந்து பாருங்க சார்" என்றார். அதிகாரி உட்காரவில்லை.

நாட்டுக்காகக் கால் கொடுத்தவரையே இப்படி அலையவிடலாமா என்று நிறையப் பேர் ஆதங்கப்படுகிறார்கள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்காது, இப்போது எனக்கும் பிடிப்பதில்லை. அந்தப் பெண் நாட்டுக்கு எதையும் கொடுத்துவிட்டு வர வேண்டியதில்லை. அவள் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு மறுபடி போகிறோம், நாற்காலி ஏற்ற வேன் பேசியாயிற்று. உங்கள் ஊர் அலுவலக வாசலையும் அளந்து, போட்டோவோடு எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்க்கிறோம்.